மணற்பரப்பும் ஒளித்திரையும்: மழலையர் வரைதற் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகியோர் இத்துறைமுகத்தைக் கைக்கொள்ள மேற்கொண்ட முயற்சிகளும், 1942 ஏப்ரல் 9 இல் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலும், 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டமையும் வரலாற்று நூல்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன. இத்துறைமுகத்தின் கரைகளிற் பிறந்து வளர்ந்த குழந்தைகள் எதன்மீது தம் முதற்கோட்டினை இழுத்தனர் என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆயினும், கப்பலொன்றின் கதையே அவ்வினாவுக்கு விடை தேடும் வழியையும் காட்டுகிறது.

மாவலி கங்கை கடலொடு கலக்கும் கொட்டியாரக் குடாவுக்கு 1660 ஆம் ஆண்டில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் வந்து சேர்ந்தது. புயலில் இழந்த பாய்மரத்தை மீள அமைத்துக்கொள்வதே அதன் நோக்கம். கப்பற்றலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் வேறு சிலரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே தடுத்து வைக்கப்பட்டிருந்த மகன், தப்பிச் சென்று 1681 இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஆட்சிமுறை, வேளாண்மை, சமயம், சாதியமைப்பு முதலியவற்றை அறியும்பொருட்டு ஆய்வாளர் அந்நூலை நாடுவர். அதிற் காணப்படும் சிறு குறிப்பொன்று கல்வி வரலாற்று மாணவர்க்கு உரியதாகும். பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி, அதனைக் கையாற் சமப்படுத்தி, விரலினால் எழுத்துக்களை எழுதிக் கையைப் பழக்கினர் என்பதே அக்குறிப்பு.

மணல், கை, விரல் என்னும் இம்மூன்றுமே தொடக்கநிலைக் கற்றலின் மிகப் பழைய சாதனங்கள். அவற்றிற்கும், மூன்று வயதுக் குழந்தை படம் வரைவதற்கென ஆக்கப்பட்ட இன்றைய கணினிச் செயலிகளுக்கும் இடையே தொடர்பு யாதும் இல்லை என்றே மேலோட்டமாக நோக்குவோர் கருதுவர். அச்செயலிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராயுமிடத்து, குழந்தைக்கு ஏற்ற எழுதுதளம் எத்தகையது என்பதை மணல் அறிந்திருந்ததனையும், கணினி அதனைப் பல்லாண்டுகள் கழித்தே கற்றுக்கொண்டதனையும் காணலாம். இவ்வுண்மையை விளக்குவதும், திருகோணமலை மாவட்டத்தின் சூழலில் அதன் பொருளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணலின் பயணம்

மணலில் எழுதிப் பழகும் முறை கண்டி நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் அதுவே தொடக்கநிலை வழக்கமாக இருந்தது. விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது தட்டிற் பரப்பிய அரிசியிலே குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் சடங்கு அம்மரபின் எச்சமாக இன்றும் நின்று நிலவுகிறது. இஸ்லாமிய உலகின் பல பகுதிகளிலும் மரப்பலகையில் மையால் எழுதி, ஓதி முடித்தபின் கழுவி, மீண்டும் எழுதும் வழக்கம் இருந்தது. சமயமும் எழுத்தும் வேறுபட்டபோதும், எழுதியது அழிந்து இடம்தர வேண்டும் என்னும் கருத்து இவ்வழக்கங்கள் அனைத்துக்கும் பொதுவானதாகும்.

இம்முறை ஐரோப்பாவுக்குச் சென்றமை சுவையானதொரு வரலாறு. சென்னை எழும்பூரில் இருந்த படையினரின் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் மேற்பார்வை செய்தவர் அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையிற் குதிரையேறிச் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். தமது இல்லத்திலும் அவ்வாறே அரிச்சுவடி கற்பிக்க வேண்டுமென அவர் பணித்தபோது, பொறுப்பாயிருந்த உதவியாசிரியர் அதற்கு இணங்கி வரவில்லை. ஆகவே ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜோன் ஃப்றிஸ்கின் என்னும் மாணவனிடம் அவ்வேலையை ஒப்படைத்தார். அவன் அதனை வெற்றியுடன் செய்து முடித்தான். நம்மவர் சட்டாம்பிள்ளை என வழங்கிய முறை, பெல் 1797 இல் வெளியிட்ட அறிக்கையின் வாயிலாகச் 'சென்னை முறை' என்னும் பெயருடன் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய யோசப் லங்காஸ்ரரும் மணல் பரப்பிய மேசைகளைத் தம் பள்ளியிற் பயன்படுத்தினார்.

உதவியாசிரியர் ஏற்க மறுத்ததை ஒரு சிறுவன் நிறைவேற்றினான் என்பது இந்நிகழ்ச்சியில் மனங்கொளத்தக்கது. மணல் மலிவானது, தாளும் மையும் அரிதாயிருந்த காலத்தில் அதன் சிறப்பாக இதுவே எடுத்துக் கூறப்பட்டது. அதனினும் ஆழமான சிறப்பு ஒன்று அதற்கு உண்டு. மணலிற் செய்த பிழை கையின் ஓரசைவில் மறைந்துவிடும். பிழை நிலைத்து நின்று குழந்தையைக் குற்றஞ்சாட்டுவதில்லை. எனவே கற்பவன் அஞ்ச வேண்டியதில்லை; கற்பிப்பவன் சினக்க வேண்டியதுமில்லை. பின்னர் வந்த கற்பலகை இவ்வியல்பைப் பெருமளவு காப்பாற்றியது. கற்பலகையின் இடத்தை அப்பியாசக் கொப்பி பெற்றபோதோ, குழந்தையின் முதற் கிறுக்கலும் செலவுக் கணக்கிற் சேர்ந்தது. தாளை வீணாக்காதே என்னும் கட்டளை அவ்வேளையிலிருந்தே தொடங்கியதெனலாம்.

குழந்தையின் கிறுக்கல் வீண்செயலன்று என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் நிறுவின. விக்ரர் லோவன்ஃபெல்ட் 1947 இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பருவத்தைக் கிறுக்கற் பருவம் எனவும், அதனைத் தொடர்வதை உருவமைப்புக்கு முற்பட்ட பருவம் எனவும் வகுத்தார். றோடா கெலொக் என்பவர் பெருந்தொகையான குழந்தை ஓவியங்களைத் திரட்டி ஆராய்ந்து, கிறுக்கல்களிலும் அடிப்படை வடிவங்கள் உள்ளன என 1969 இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். கோடு வட்டமாகி, வட்டம் முகமாகி, முகத்துக்குக் கைகால் முளைப்பதற்குக் குழந்தை எண்ணற்ற முறை வரைந்தாக வேண்டும். அவ்வெண்ணற்ற முறைகளுக்கும் இடந்தரும் தளமே அதற்குரிய தளமாகும்.

பொறியியலாளரின் திரை

கணினித் திரையில் வரையும் கலை குழந்தைகளை எண்ணித் தொடங்கப்பட்டதன்று. 1963 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாந்து தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக 'ஸ்கெச்பாட்' என்னும் செயலியை ஆக்கினார். ஒளிப்பேனாவைத் திரைமீது வைத்துக் கோடுகளையும் வட்டங்களையும் வரைய அது வழிசெய்தது. அதற்குப் பயன்பட்ட கணினி ஓர் ஆய்வுகூடத்துக்குரிய மாபெரும் பொறியாகும். பொறியியல் வரைபடங்களை ஆக்கும் முறைகளுக்கு அச்செயலி முன்னோடியாயிற்று. 1973 இல் சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில் றிச்சாட் ஷூப் ஆக்கிய 'சூப்பர்பெயின்ற்' வண்ணம் தீட்டுதலைத் திரைக்குக் கொண்டுவந்தது. இவை இரண்டும் வளர்ந்தோரின் தேவைகளிலிருந்து எழுந்தவை.

குழந்தையை நடுநிலையில் வைத்துச் சிந்தித்த மரபு வேறொரு திசையில் வளர்ந்தது. 1967 இல் வொலி ஃபயர்சைக், சீமோர் பப்பேட், சிந்தியா சொலமன் ஆகியோர் 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். ஆமை எனப் பெயர்பெற்ற சிறு பொறியொன்றை முன்னே செல், திரும்பு எனப் பணித்துக் கோலங்கள் வரைவித்தல் அதன் புகழ்பெற்ற பகுதியாகும். ஆனால் அக்கட்டளைகளை விசைப்பலகையிலே தட்டெழுத வேண்டியிருந்தது. எழுதப் படிக்க அறியாத குழந்தைக்கு அது கைகூடாது. இக்குறையை உணர்ந்த றாடியா பேர்ள்மன், 1974 முதல் 1976 வரையான காலத்தில், முன்பள்ளிப் பருவத்தினர்க்கென ஒரு கருவித் தொகுதியை அமைத்தார். ஒரு பொத்தானுக்கு ஒரு செயல் என்பதே அதன் அடிப்படை. எழுத்தறிவுக்கு முற்பட்ட பருவத்தினரும் கணினியை ஆளலாம் என்பதை அம்முயற்சி எடுத்துக்காட்டியது.

1984 இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினியுடன் பில் அற்கின்சன் ஆக்கிய 'மக்பெயின்ற்' வெளிவந்தது. தூரிகை, அழிப்பான், வண்ணவாளி முதலியவற்றைச் சிறு படங்களாகத் திரையின் ஓரத்தில் அடுக்கி, சுட்டியினால் அவற்றைத் தெரிந்தெடுக்கச் செய்த அமைப்பு அதனாற் பரவலாயிற்று. கணினி முதன்முறையாக வீட்டு மேசைமீதிருந்த ஓவியப் பலகையாயிற்று. எனினும் அம்மேசை தந்தையினுடையதேயன்றி மகனுடையதன்று.

ஒரு தந்தையின் அவதானிப்பு

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்திற் கலை கற்பித்த கிரெய்க் ஹிக்மன், 1988 இல் மூன்று வயதினனான தம் மகன் மக்பெயின்ற் செயலியிற் படம் வரைவதை அவதானித்தார். சுட்டியை நகர்த்துவதும் கோடிழுப்பதும் சிறுவனுக்கு விரைவிலேயே கைவந்தன. இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. கை சிறிது விலகியதும் திரையின் மேலுள்ள கட்டளைப் பட்டி விரிந்து விழுந்தது. சாளரத்துக்கு வெளியே சொடுக்கியதும் படம் மறைந்துபோயிற்று. ஒவ்வொரு முறையும் தந்தையின் உதவி வேண்டியதாயிற்று. குழந்தைக்குத் திறமை குறைவில்லை. செயலியே குழந்தையை அறியாதிருந்தது என்பதை ஹிக்மன் கண்டுகொண்டார்.

அவ்வவதானிப்பின் பயனாக உருவானதே 'கிட் பிக்ஸ்' என்னும் செயலி. 1989 நவம்பரில் அதன் முதல் வடிவத்தை அவர் இலவசமாகவே பொதுவுடைமையாக்கினார். கருவிகள் யாவும் எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்பட்டன. வாசிக்கத் தெரியாதவனும் படக்குறிகளைக் கொண்டு அவற்றை இனங்காண முடிந்தது. அழித்தலையே ஒரு விளையாட்டாக மாற்றியமை அதன் மிகச் சிறந்த கூறெனலாம். படத்தை வெடிவைத்துத் தகர்ப்பதுபோல அழிக்கும் வசதி அதில் இருந்தது. குழந்தைகள் அழிப்பதற்காகவே வரைந்தனர். புறொடபண்ட் நிறுவனம் 1991 இல் வண்ணமும் ஒலியும் சேர்த்து அதனை விற்பனைக்கு வெளியிட்டது.

பெல்லையும் ஹிக்மனையும் ஈரிடத்து ஒரே நிகழ்ச்சியின் மாந்தர் எனக் கூறுதல் மிகையாகாது. ஒருவர் குதிரைமீதிருந்து கண்டதனை மற்றவர் தம் வீட்டு மேசையருகிலிருந்து கண்டார். குழந்தை கற்கத் தவறுகையில் குழந்தையைத் திருத்த முனையாது தளத்தை மாற்ற இருவரும் முன்வந்தனர். மணலைக் கையாற் சமப்படுத்தும் இன்பத்தையே ஹிக்மனின் வெடி திரையில் மீட்டுத் தந்தது. மணலுக்கு விலையில்லை, விற்பனைக்கு வந்த செயலிக்கோ விலையுண்டு. அவ்விடைவெளியை நிரப்பியது பின்வந்த முயற்சியாகும்.

கட்டற்ற செயலியின் வருகை

2002 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பில் கென்ட்றிக் என்னும் நிரலாளர் 'டக்ஸ் பெயின்ற்' என்னும் வரைதற் செயலியை வெளியிட்டார். லினக்ஸ் இயங்குதளத்திற் சிறுவர்க்கு ஏற்ற வரைதற் செயலி இல்லாக் குறையைப் போக்குவதே அவருடைய நோக்கம். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோரை எண்ணி ஆக்கப்பட்ட அச்செயலி, பின்னர் விண்டோஸ், மக்கின்ரொஷ் ஆகிய தளங்களுக்கும் விரிந்தது. குனூ பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால் அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், மாற்றியமைக்கலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

அதன் அமைப்பிற் சில கூறுகள் தனித்து நோக்கத்தக்கன. செயலி திறந்ததும் வரைதளம் ஆயத்தமாக நிற்கும். பெரிய பொத்தான்கள் இருபுறமும் நிரையாக அமைந்திருக்கும். கருவியை இயக்குகையில் அதற்குரிய ஒலி எழும். திரையின் அடியில் நிற்கும் பென்குயின் பறவை அடுத்துச் செய்யத்தக்கதைச் சொல்லித் தரும். படத்தைச் சேமிக்கையிற் பெயர் கேட்கப்படுவதில்லை. முன்பு வரைந்தவை சிறு படங்களாகவே காட்டப்படும். பெயரிட்டுக் கோப்பாக்குதல் எழுத்தறிந்தோரின் பழக்கம் என்பதை உணர்ந்தே இவ்வாறு செய்யப்பட்டது. அச்சிடும் வசதிக்குக் காலஇடைவெளி விதிக்கவும், அதனை முற்றாக நிறுத்தி வைக்கவும் ஆசிரியர்க்கு வழியுண்டு. தாளின் அருமையை அறிந்த நாட்டவர்க்கு இஃது அற்பமான வசதியன்று.

மொழி இதனினும் முதன்மையானது. 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றிருந்தும், அவற்றைத் திரையிற் செவ்வனே காட்டுதல் பல்லாண்டுகள் இடர் மிக்கதாகவே இருந்தது. 'கொ' என்னும் எழுத்தில் மெய்யின் இருமருங்கும் குறிகள் அமைவதும், 'கெ' என்பதில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே தோன்றுவதும் உரோம எழுத்துக்கென ஆக்கப்பட்ட செயலிகளுக்குப் புதியனவாக இருந்தன. கட்டற்ற மென்பொருளை மொழிபெயர்க்க வணிக நிறுவனத்தின் இசைவு வேண்டியதில்லையாதலால், தன்னார்வலர் பலர் உலகெங்கணுமிருந்து இப்பணியில் ஈடுபட்டனர். அதன் பயனாக டக்ஸ் பெயின்ற் தமிழிலும் சிங்களத்திலும் வழங்கலாயிற்று. விற்பனையாளர் பெருஞ்சந்தை எனக் கருதாத மொழியினர்க்கு இவ்வுரிமம் திறந்துவிட்ட வழி பெரிது.

துறைமுகக் கரையிற் பொருந்துமாறு

டக்ஸ் பெயின்ற் வெளிவந்ததற்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே, 2002 பெப்ரவரியில், இலங்கையிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. திருகோணமலை மாவட்டத்தின் மக்களுக்குக் கிடைத்த அவ்வோய்வு நீடிக்கவில்லை. 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளி முதலிய கரையூர்களைத் தாக்கியது. நாடளாவிய நிலையில் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2006 இல் மாவிலாறு அணைக்கட்டுத் தொடர்பாக மூண்ட மோதலைத் தொடர்ந்து மூதூர், சம்பூர்ப் பகுதிகளின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுட் பலர் தம் நிலத்துக்கு மீள ஏறத்தாழ ஒரு பத்தாண்டு காத்திருக்க நேர்ந்தது. இடம்பெயர்ந்து பிறந்த குழந்தை தன் ஊர் மணலைக் காணாமலே பாடசாலைப் பருவத்தை எய்தியது.

இத்தகைய சூழலிற் குழந்தையின் ஓவியம் பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்துவிடுகிறது. அயல் மாவட்டமான மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினாற் பாதிக்கப்பட்ட குழந்தைகளை வரைதல், கதை, விளையாட்டு ஆகியவற்றின் மூலம் ஆற்றுப்படுத்த முனைந்தது. சொல்லாற் கூறவியலாததைக் கோட்டாற் கூறவும், கூறியபின் விரும்பினால் அழித்துவிடவும், விரும்பினால் வைத்துக்கொள்ளவும் குழந்தைக்கு உரிமை வேண்டும். மணல் அழித்தலை மட்டும் அறியும். தாள் காத்தலை அறியும். ஆனால் அலையும் தீயும் தாளைக் கொண்டுபோம். திரையோ இரண்டுக்கும் இடந்தருவது. படியெடுத்த படம் பல இடங்களில் வாழக்கூடியது. குடும்பப் புகைப்படங்களையும் பாடசாலைக் கொப்பிகளையும் ஒருங்கே இழந்த மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்பது இலங்கைக்கு அந்நியமானதன்று. ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களுக்குள் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தன்னார்வலர் 'சஹானா' என்னும் பேரிடர் முகாமைத்துவச் செயலியை ஆக்கி, காணாமற் போனோர் விவரங்களையும் முகாம்களின் விவரங்களையும் தொகுக்க உதவினர். அது பின்னர் பிற நாடுகளிலும் பயன்பட்டது. உலகம் ஆக்கித் தந்ததைப் பெறுவோராக மட்டுமன்றி உலகுக்கு ஆக்கித் தருவோராகவும் இந்நாட்டவர் விளங்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

திருகோணமலை மாவட்டம் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் பெருமளவில் வாழும் மாவட்டமாகும். இங்குப் பாடசாலைகள் மொழியாற் பிரிந்துள்ளன. முதல் வகுப்பிற் கால்வைக்கும் குழந்தையின் எழுத்து அடுத்த தெருவிலுள்ள குழந்தைக்குப் புரியாததாகிவிடுகிறது. வரைதல் அப்பிரிவுக்கு முற்பட்டது. ஒரு குழந்தை வரைந்த தோணியை மூவினக் குழந்தைகளும் தோணியென்றே காண்பர். டக்ஸ் பெயின்ற் செயலியிலுள்ள 'முத்திரை' என்னும் பகுதி இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. ஆயத்தப் படங்களைத் தளத்திற் பதிக்க உதவும் அப்பகுதியில் எவரும் புதிய படங்களைச் சேர்க்கலாம். படத்துடன் ஓர் எழுத்துக்கோப்பையும் ஓர் ஒலிக்கோப்பையும் இணைக்கலாம். அவ்வெழுத்துக்கோப்பில் ஒரே பொருளின் பெயரைப் பல மொழிகளில் எழுதி வைக்க இடமுண்டு. ஒரே தோணி தமிழ்த் திரையிலே தமிழ்ப் பெயரோடும், சிங்களத் திரையிலே சிங்களப் பெயரோடும் தோன்றும்.

ஆயினும் எங்கோ வாழ்வோர் ஆக்கிய முத்திரைகளில் கரைவலை இழுக்கும் கூட்டத்தையோ, பிரெட்றிக் கோட்டையினுள் உலவும் புள்ளிமானையோ, கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளையோ எதிர்பார்த்தல் இயலாது. பென்குயினைக் காணாத குழந்தைக்குப் பென்குயின் வழிகாட்டுவதிற் தீங்கில்லை. மானைத் தினமும் காணும் குழந்தை தன் திரையில் மானைக் காணாதிருத்தலே குறை. அக்குறையை நீக்கும் உரிமையை உரிமம் தந்துள்ளது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் யார் என்பதே வினா.

எதிர்வாதங்கள்

இச்செயலிகள் பற்றிய ஐயங்களையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். முதலாவது, குழந்தையின் உடல்நலம் பற்றியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாவென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோர் அமர்ந்து திரை நோக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கடத்தலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. 2020 இற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசி பல குழந்தைகளின் கைக்குச் சென்றது. அதில் அவர்கள் பெரும்பாலும் பார்ப்போராகவே இருந்தனர். பார்த்தலும் வரைதலும் ஒன்றல்லவெனினும், வரைதலின் பெயரால் ஒரு மணித்தியாலத்தை மூன்றாக்குதல் பொருந்தாது.

இரண்டாவது, தொடுகை பற்றியது. மணலுக்கு ஈரமும் வெம்மையும் உண்டு. சுட்டியால் வரைகையிற் கை ஓரிடத்திலும் கோடு வேறோரிடத்திலும் அமைகின்றன. தொடுதிரை வந்தபின் விரலும் கோடும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. நொக்ஸ் கண்ட விரல் திரும்பி வந்ததெனலாம். ஆனால் மணல் திரும்பவில்லை. எனவே திரையை மணலுக்கும் களிமண்ணுக்கும் சுண்ணக்கட்டிக்கும் மாற்றாகக் கொள்ளாது, அவற்றின் வரிசையிற் பிந்தி வந்த ஒன்றாகக் கொள்வதே தகும்.

மூன்றாவது, மின்சாரம் பற்றியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாளும் இல்லை, திரையும் இல்லை என்னும் நிலை நாடொன்றுக்கு வரக்கூடும் என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று. அந்நாளிலும் கடற்கரை மணல் இருந்தது.

நான்காவதும் கடியதுமான ஐயம் கற்பனை பற்றியது. வண்ணந்தீட்டும் ஆயத்தப் புத்தகங்கள் குழந்தையின் சொந்த உருவாக்கத்தைக் குன்றச் செய்யும் என லோவன்ஃபெல்ட் கண்டித்தார். அக்கண்டனம் முத்திரைகளுக்கும் பொருந்தும். ஒரு சொடுக்கில் அழகிய குதிரை கிடைக்குமாயின் தானே கோணற் குதிரை வரையக் குழந்தை நாணக்கூடும். உள்ளூர் முத்திரைகளை ஆக்க முனைவோரும் இதனை மறத்தலாகாது. முத்திரை குழந்தையின் கோட்டுக்குத் துணையாக நிற்க வேண்டும். அதன் இடத்தைக் கைப்பற்றலாகாது. குழந்தைகளே வரைந்த படங்களை முத்திரைகளாக்குவது இதற்கு ஒரு தீர்வாகலாம்.

முடிவுரை

2003 இல் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் நிறுவப்பட்ட பின்னர் 'நெனசல' நிலையங்கள் பல ஊர்களிற் தோன்றின. பாடசாலைகளிற் கணினிக் கூடங்களும் அமைந்தன. தகவல் தொழினுட்பம் பரீட்சைப் பாடமாயிற்று. இவை வரவேற்கத்தக்கன. எனினும் பரீட்சைக்கெனத் திறக்கப்படும் கூடம் பிழைக்கு இடங்கொடாத கூடமாக மாறிவிடுதல் எளிது. அங்கே கணினி அப்பியாசக் கொப்பியின் வழித்தோன்றலாகிறதேயன்றி மணலின் வழித்தோன்றலாவதில்லை. முன்பள்ளிப் பருவத்தினரோ அக்கூடங்களின் வாயிலுக்கு வெளியே நிற்பவர்.

கொட்டியாரத்திலிருந்து கண்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் எழுதிவைத்த மணலும், சென்னையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற மணலும், ஒரிகனில் ஒரு தந்தை திரையில் மீட்ட விளையாட்டும், கட்டற்ற உரிமத்தோடு தமிழ் பேசும் செயலியும் ஒரே கருத்தின் பல நிலைகளாம். தொடங்குவோனுக்கு உரிய தளம் பிழையைப் பொறுப்பதாகவும், விலையற்றதாகவும், அவனுடைய மொழியறிந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து. முதலிரண்டையும் மணல் இயல்பாகவே கொண்டிருந்தது. மூன்றாவதை அதில் எழுதிய ஆசிரியரின் விரல் தந்தது. செயலியில் அவ்விரலாக அமைவோர் இனிமேல்தான் முன்வர வேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. நிலாவெளி வீதியில் அமைந்த அவ்வளாகத்துக்கும் கடற்கரைக்கும் இடையேயுள்ள தூரம் சிறிது. தோணி, கரைவலை, பனை, மான், திருக்கை முதலான இருபது பொருள்களைக் குழந்தைகளைக் கொண்டு வரைவித்து, தமிழிலும் சிங்களத்திலும் பெயரெழுதி, அப்பெயர்களைக் குழந்தைகளின் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து ஒரு முத்திரைத் தொகுதியாக்குதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாணவர் சிலரின் ஒரு விடுமுறைக்காலமே போதும். திண்ணைப் பள்ளியின் மணலை ஒருவர் கண்டு உலகுக்கு எடுத்துச் சென்றார். உலகம் திரையாக்கித் திருப்பித் தந்துள்ள அம்மணலில் நம் குழந்தைகள் எதனை வரைவர் என்பது, அதனைப் பரப்பிச் சமப்படுத்திக் கொடுப்போரின் முயற்சியைப் பொறுத்ததாகும்.